மொட்டைமாடி டவருக்கு எங்கள் வீட்டுக் கணக்கில் ஏறிய தீர்வை

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றக் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பில் கலெக்டர் தம்பி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "டீச்சர், சார் பேருக்கு வந்திருக்கு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி நான் கண்ணாடி எடுத்து வருமுன் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இறந்தது 2021 மே மாதம். அவர் பேருக்கு வந்த காகிதத்தில் 11 அரையாண்டுகளுக்கு ₹38,205 கூடுதல் சொத்துவரி நிலுவை, கட்டத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டுத் தீர்வையை, அதாவது சொத்துவரியை, ஒரு அரையாண்டுகூடப் பாக்கி வைத்ததில்லை. ரசீதுகளைக் கம்பியில் கோத்து வைக்கும் மனிதர் அவர். அந்தக் காகிதத்தோடு அன்று சாயங்காலம் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு ஏற்றவில்லை.

நெல்லைச் சீமையில் தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த அலுவலகத்தில் எனக்கு நல்லது செய்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் பேர் வேண்டாம். கம்பெனி பேரும் வேண்டாம். அந்த ஏழு மாதமும் என்னைப் போல் ஒருவர் எழுதிவைத்த ஒரு பக்கமாவது கிடைத்திருந்தால் பணமும் நடையும் பாதியாகக் குறைந்திருக்கும். அதற்காகத்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கீழே நாங்கள் குடியிருக்கும் பகுதி 1,140 சதுரஅடி. மாடியில் 620 சதுரஅடி, ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அதற்கு மேலே மொட்டைமாடி. 2009இல் ஒரு செல்போன் கம்பெனி வந்து கேட்டது. பையன் படிப்புக்கு ஆகும் என்று டவர் வைக்க ஒத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒப்பந்தம் போட்டார். வாடகை அவர் கணக்குக்கு மாதாமாதம் வரும். எனக்கு அந்த டவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், வடாம் காயப்போட மாடியில் முன்போல் இடம் இல்லை என்பதும், கரண்டு போனால் ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கம் வராது என்பதும்தான். அதற்குத் தீர்வை உண்டா, யார் கட்டவேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போனேன். வருவாய்ப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிள்ளை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல ரெண்டாவது மாடி ஒண்ணு கமர்சியல்ல ஏறியிருக்கு" என்றாள். எங்கள் வீட்டில் ரெண்டாவது மாடியே கிடையாதே அம்மா என்றேன். "டவர் இருக்குல்லா டீச்சர், அதத்தான் போட்டிருக்காவ. ஆடிட்ல எழுதிட்டாவ, நாங்க என்ன செய்ய? கட்டிட்டுப் பொறவு பேசிக்கிடுங்க." பக்கத்து மேசைக்காரரும் அதையே சொன்னார். கட்டிவிட்டுப் பேசு. அடுத்த ஒரு மாதத்தில் இந்த வார்த்தையைக் குறைந்தது ஐந்து பேரிடம் கேட்டிருப்பேன்.

முதல் தப்பு அந்த மாதம்தான் நடந்தது. நோட்டீஸின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், ஆட்சேபணை இருந்தால் எத்தனை நாளுக்குள் யாரிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. வாயால் கேட்டுக்கொண்டு நடந்த நாலு வாரத்தில் அந்தக் கெடு போய்விட்டது. உங்கள் கைக்கு எந்த வரி நோட்டீஸ் வந்தாலும் முதல் வேலையாகப் பின்பக்கத்தைப் படியுங்கள். கைக்கு வந்த தேதியை அதிலேயே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். விவரமெல்லாம் தெரிந்த பிறகுதான் எழுதவேண்டும் என்று காத்திருக்கவேண்டாம். "இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை, விவரமான மனு பின்னால் தருகிறேன்" என்று இரண்டு வரி எழுதி, தபால் வாங்கும் இடத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டால் போதும். பிறகு எவ்வளவு தாமதமானாலும் அந்த முத்திரை உங்களுக்காக நிற்கும்.

இரண்டாவது தப்பைச் சொல்ல இன்றும் நாக்கு கூசுகிறது. அலுவலக வாசல் டீக்கடையில் எப்போதும் ஒருவர் நிற்பார், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "அக்கா, அலையாதிய. நான் உள்ள சொல்லிப் பாதியாக் கொறச்சுத் தாரேன்" என்றார். ₹3,500 கொடுத்தேன். ரசீது எங்கே கேட்க? இரண்டு வாரம் போனை எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்திய நான், பயத்தில் ஒரு நிமிஷத்தில் அதைச் செய்துவிட்டேன். பணம் போனதைவிட அதுதான் வலித்தது. பையனிடம் இதைச் சொல்லவே மூன்று மாதம் ஆயிற்று.

மூன்றாவது, செப்டம்பர் கடைசியில் குடிதண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் ₹10,000 கட்டியது. ரசீதில் "நிலுவை" என்று மட்டும் விழுந்தது. அப்படிக் கட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், ஆட்சேபணைக்கு உட்பட்டுக் கட்டுகிறேன் என்று ஒரு கடிதம் சேர்த்துக் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கவேண்டும். இதை வக்கீல் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. இல்லாவிட்டால், நிலுவையை ஒத்துக்கொண்டு பாதி கட்டியவர் என்று பின்னால் நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அக்டோபரில் மைனி சொன்னாள் என்று கொக்கிரகுளம் போனேன், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு. ஜங்ஷனில் இறங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றுக் காற்றில் நடக்கும்போது ஏதோ விடிவு வரும் போல இருந்தது. மனுவைப் பதிவுசெய்து சீட்டுக் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அந்த மனு எங்கே போகும்? சுற்றி வந்து எங்கள் ஊர் அலுவலகத்து அதே மேசைக்குத்தான். நவம்பர் பாதியில் "விதிகளின்படி வரி விதிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. கலெக்டரிடம் மனு கொடுப்பது தப்பில்லை. ஆனால் நகராட்சி, மாநகராட்சி வரி மதிப்பீட்டைத் திருத்தும் அதிகாரம் அங்கே இல்லை. முதலில் ஆணையரிடம் சீராய்வு மனு, அதற்கு மேல் மேல்முறையீடு, அதற்கும் மேல்தான் நீதிமன்றம். கிராம ஊராட்சி என்றால் கதை வேறு. அங்கே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்குச் சட்டப்படியே பொறுப்பு உண்டு. எந்தக் கதவு நம் கதவு என்று தெரியாமல் தட்டியதில் எனக்கு ஒன்றரை மாதம் போயிற்று.

பாளையங்கோட்டையில் என் பழைய மாணவி ஒருத்தி மூலமாக ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஆலோசனைக்கு ₹2,000. அந்தப் பணம் வீணில்லை. அவர் என் பேச்சைப் பாதியில் நிறுத்தி, "டீச்சர், அவங்க என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு தெரியாம நீங்க என்னத்த மறுக்கப் போறீங்க? முதல்ல ஃபைலைப் பாருங்க" என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். ₹10க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். நகல் கேட்டதோடு, கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் எழுதச் சொன்னார். இந்த ஒரு வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். கோப்பைப் பார்ப்பது சட்டம் நமக்குக் கொடுத்த உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. நகல் மட்டும் கேட்டால் அவர்கள் கொடுக்கும் தாள்தான் வரும். நேரில் பார்த்தால் கோப்பின் ஓரத்தில் கிடப்பதும் கண்ணில் படும்.

டிசம்பரில் ஒரு நாள் கோப்பை என் முன்னால் வைத்தார்கள். பழுப்பு அட்டை, வெள்ளை நாடா. உள்ளே மூன்றே மூன்று தாள்கள் எனக்கு வேண்டியவை. முதலாவது, தணிக்கைத் தடை. எங்கள் ஊரில் இருக்கும் செல்போன் டவர்களுக்கு வரி விதிக்கப்படவில்லை, அதனால் வருவாய் இழப்பு என்று உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். சரியான கேள்விதான். இரண்டாவது, கள ஆய்வுத் தாள். "தளம் 2 – வணிகம் – 1140" என்று பென்சிலில் எழுதி அதன் மேலேயே பேனாவை ஓட்டியிருந்தது. 1,140 என்பது என் வீட்டுக் கீழ்த்தளத்தின் அளவு. யாரும் மாடிப்படி ஏறவே இல்லை. கீழ்த்தள அளவை அப்படியே எடுத்து மொட்டைமாடி முழுவதையும் கடை மாதிரி ஆக்கியிருந்தார்கள். மூன்றாவது, வரியை உயர்த்துமுன் கொடுக்கவேண்டிய சிறப்பு அறிவிப்பு. "பெற்றுக்கொண்டவர் கையொப்பம்" என்ற இடம் வெறுமனே இருந்தது. அது என் கைக்கு வரவே இல்லை, அதற்கு அத்தாட்சி அவர்கள் கோப்பிலேயே இருந்தது. கெடு போய்விட்டது என்று நான் பயந்துகொண்டிருந்த விஷயம் அந்த வெற்று இடத்தால்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நகலுக்குப் பக்கத்துக்கு ₹2 கட்டி மூன்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை. நான் பைத்தியமில்லை என்று தெரிந்த நிம்மதியில்.

இங்கே கணக்கைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் ஆட்களை அடிப்பது இந்தக் கணக்குத்தான். கட்டடத்தின் அளவு, அது இருக்கும் தெரு, கட்டுமானம், வயது, எதற்குப் பயன்படுகிறது என்பதையெல்லாம் வைத்து ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்று போட்டு, அதில் ஒரு பங்கை அரையாண்டு வரியாக எடுக்கிறார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பொதுச் சீராய்வு வந்தபோது, சென்னைக்கு வெளியே எங்களைப் போன்ற ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுரஅடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். 15ஆவது நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்துவரியைச் சீர்செய்யவேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குப் பின்னால் இருந்தது. என் வீடு 1,760 சதுரஅடி, ஆகவே 75 சதவீதம். அரையாண்டுக்கு ₹1,380 கட்டியது ₹2,415 ஆயிற்று. அதை முணுமுணுக்காமல் கட்டினேன். இப்போது மொட்டைமாடி 1,140ஐச் சேர்த்ததும் மொத்தம் 2,900. உடனே நான் குடியிருக்கும் பகுதியும் 100 சதவீதக் கட்டத்துக்குள் போய் ₹2,760 ஆகிவிட்டது. அதாவது டவரால் டவருக்கு மட்டும் வரி ஏறவில்லை, என் அடுக்களைக்கும் ஏறியது. மொட்டைமாடிக்கு என்று 2022க்கு முன் அரையாண்டுக்கு ₹2,280, பின்னால் ₹4,560. 2019-20 முதல் ஆறு அரையாண்டுக்கு ₹13,680, பிறகு வீட்டுக்கு ஏறிய ₹345ஐயும் சேர்த்து ஐந்து அரையாண்டுக்கு ₹24,525. கூட்டிப் பாருங்கள், ₹38,205. இந்தக் கூட்டலை நோட்டில் போட்டு விடை ஒத்துவந்த பிறகுதான் எனக்கு வாதாடும் தெம்பே வந்தது. நோட்டீஸில் மொத்தம் மட்டும்தான் இருக்கும். அது எப்படி வந்தது என்ற மதிப்பீட்டுத் தாளை வாங்காமல் ஒரு மனுவும் எழுதாதீர்கள்.

அடுத்தது டவருக்கு வரி யார் கட்டவேண்டும் என்பது. டவரே கட்டடம் இல்லை, அதற்குச் சொத்துவரி கிடையாது என்று கம்பெனிகள் பல வருஷம் வாதாடின. 2016 டிசம்பர் 16 அன்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், செல்போன் டவருக்கும் சொத்துவரி போட மாநிலச் சட்டத்தால் முடியும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே தணிக்கைக்காரர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் டவருக்கு வரி உண்டு என்பதற்கு, வீட்டு உரிமையாளர் கணக்கில் ஒரு மாடியாக ஏற்று என்று அர்த்தமா? 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 14ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு சொத்தின் மேல் நிறுவிய தொலைத்தொடர்புக் கட்டமைப்பு, அந்தச் சொத்துக்கு உரிய சொத்துவரி, தீர்வை, கட்டணம் எதற்கும் அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதப்படாது. இந்தப் பிரிவு 2024 ஜூன் 26இல் நடைமுறைக்கு வந்தது. எனக்கு நோட்டீஸ் வந்தது ஆகஸ்டில். மொட்டைமாடியில் டவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இந்தப் பிரிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

ஜூன் 26க்கு முந்தைய அரையாண்டுகளுக்கு எனக்குக் கைகொடுத்தது ஒப்பந்தம். அதைத் தேடியதே ஒரு பெரும் பாடு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில்தான் அவர் பத்திரங்களை வைத்திருந்தார். வெள்ளம் வடிந்த பின் ஒவ்வொரு தாளாகப் பிரித்து அதே மொட்டைமாடியில், டவர் நிழலில் கல் வைத்துக் காயப்போட்டேன். பேனாவில் எழுதியதெல்லாம் நீலமாகக் கரைந்துவிட்டது. ஒப்பந்தத்தின் நாலாவது பக்கம் ஐந்தாவதோடு ஒட்டிப்போய், பிரித்தால் கிழிந்தது. நல்லவேளை, 2009இல் அதைப் பதிவு செய்திருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைத்தது. அதில் "கோபுரம் மற்றும் கருவிகளுக்குரிய வரிகள் அனைத்தும் வாடகைதாரரையே சாரும், கட்டடத்துக்குரிய வரி உரிமையாளரைச் சாரும்" என்று ஒரு நிபந்தனை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டவருக்கு இடம் கொடுக்க யாராவது யோசித்தால், இந்த வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவு செய்யாமல் விடாதீர்கள், டவர் கைமாறினால் புதியவருக்கும் இது பொருந்தும் என்று எழுதிக்கேளுங்கள். எங்கள் டவர் நடுவில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அவர்களுக்கு நான் அனுப்பிய மூன்று பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது, பதில் இல்லை.

மாடியை நானே அளந்தேன். எதிர்வீட்டு அண்ணாச்சி மகன், பாலிடெக்னிக் படிக்கிறவன், டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். டவரின் நாலு காலும் நிற்கும் இடம் 12க்கு 12 அடி, மெஷின் பெட்டி 10க்கு 8, ஜெனரேட்டர் 6க்கு 4. மொத்தம் 248 சதுரஅடி. மீதியெல்லாம் வானம் பார்த்த தளம். மாடிப்படி வளைவில் இரண்டு மீட்டர்கள். ஒன்று எங்கள் சர்வீஸ், மற்றது கம்பெனி பேரில் உள்ள தனிச் சர்வீஸ். அந்த மின்கட்டண ரசீதையும் மீட்டர் பலகையையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். மின் இணைப்பே தனியாக, வேறு பேரில் இருக்கும்போது, பயன்படுத்துகிறவர் யார் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நடுவில் ஒன்று சொல்லவேண்டும். நான் அலைவதைப் பார்த்து அடுத்த தெரு அண்ணாச்சி ஒருவர் வந்தார். அவர் கட்டடத்தில் பல வருஷமாக ஒரு மத்திய அரசு அலுவலகம் வாடகைக்கு இருக்கிறது. "கவர்மெண்டு இருக்க எடத்துக்கு ஏது தீர்வை?" என்று நம்பி ஆறு வருஷம் கட்டாமல் விட்டுவிட்டார். பாவம், அவருக்கும் நோட்டீஸ். அரசியல் சட்டம் 285ஆம் பிரிவு மத்திய அரசுக்குச் சொந்தமான சொத்துக்குத்தான் விலக்குத் தருகிறது, அரசு வாடகைக்கு இருக்கும் நம் கட்டடத்துக்கு இல்லை. மத்திய அரசின் சொந்தக் கட்டடங்கள்கூட உள்ளாட்சி தரும் வசதிகளைப் பொறுத்து, அந்த வரியில் 75 சதவீதம், 50 சதவீதம், அல்லது மூன்றில் ஒரு பங்கைச் சேவைக் கட்டணமாகத் தரவேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றத்தில் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் முடிவாயிற்று. அரசுக்குச் சொந்தமான கம்பெனி என்றாலும் அது சட்டத்தின் கண்ணில் தனி ஆள்தான், 285 அதற்குக் குடை பிடிக்காது. அண்ணாச்சியால் முழுத் தொகையையும் தட்டிக்கழிக்க முடியவில்லை, தவணையில் கட்டுகிறார்.

2025 ஜனவரியில் மனு எழுதினேன். "ஏழை விதவை, வரியைக் குறைத்து உதவவும்" என்று ஆரம்பித்த பழைய நகலைக் கிழித்துப் போட்டேன். கருணை கேட்டால் கருணைதான் வரும், அதுவும் எப்போதாவது. நாலே கோரிக்கை வைத்தேன். டவரை என் வரிவிதிப்பு எண்ணிலிருந்து நீக்கி, அதற்கு உரியவர் பேரில் தனி எண் கொடுக்கவேண்டும். இல்லாத இரண்டாம் தளத்தை நீக்கவேண்டும். என் வீட்டுக்கு 75 சதவீதக் கட்டத்தையே திரும்ப வைக்கவேண்டும். கட்டிய ₹10,000ஐ வரவு வைக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆதாரத்தின் எண், பின்னால் ஆதாரங்கள் வரிசையாக: கள ஆய்வுத் தாள், கையெழுத்தில்லாத அறிவிப்பு, ஒப்பந்த நகல், மீட்டர் போட்டோ, அளவு வரைபடம், பழைய ரசீதுகள், 14ஆம் பிரிவு, நான் போட்ட கூட்டல். கடைசியில், என் முன்னிலையில் கூட்டாய்வு செய்யவேண்டும் என்று ஒரு வரி. அதோடு பெயர் மாற்ற விண்ணப்பமும், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று சேர்த்துக் கொடுத்தேன். 2021லேயே இதைச் செய்திருந்தால் என் பேருக்கே தபால் வந்திருக்கும். துக்கத்தில் இதெல்லாம் ஓடாது, எனக்குத் தெரியும். வருஷம் கழிந்த பிறகாவது வரி, தண்ணீர், மின்சாரம் மூன்றிலும் பேரை மாற்றிவிடுங்கள்.

இதிலும் நடக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்புகளின் முறைமன்ற நடுவத்துக்கு எழுதுவதாக இருந்தேன். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அமைப்பு, உள்ளாட்சிகளில் நடக்கும் முறைகேடு, நிர்வாகக் கோளாறு பற்றிய புகார்களை விசாரிக்கிறது. அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இரண்டும் தேவைப்படவில்லை.

பிப்ரவரியில் புதிதாக வந்திருந்த உதவி வருவாய் அலுவலர், முப்பது வயதுகூட இருக்காது, தானே படியேறி மாடிக்கு வந்தார். வெயில் கொளுத்தியது. டேப்பைப் பிடித்து மூன்று இடத்தையும் அளந்தார், என் வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார், மீட்டர் பலகையில் இருந்த பேரைக் குனிந்து படித்தார். "டீச்சர், இத முதல் நாளே ஒருத்தர் ஏறிப் பாத்திருந்தா உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை" என்றார். கொஞ்சம் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, படியிறங்கும்போது, "இந்த மாதிரி இன்னும் வீடு இருக்கும் போல, லிஸ்ட எடுத்துப் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் வந்தது அப்போதுதான். தணிக்கை கேட்டது டவர்க்காரரை. கீழே இருந்தவர்கள் தடையை நீக்கினால் போதும் என்று கைக்கு எட்டிய வீட்டுக்காரரின் எண்ணில் ஏற்றிவிட்டார்கள். காகிதத்தில் தடை தீர்ந்தது, டவர்க்காரரிடமிருந்து ஊருக்கு ஒரு காசு வரவில்லை. எங்கள் தெருவில் மூன்று விளக்கு எரிவதில்லை, வாறுகால் மழைக்கு நிரம்பி வீட்டுக்குள் வருகிறது. வரவேண்டியவரிடமிருந்து வரி வந்தால் அதையெல்லாம் கேட்க நமக்கு வாய் இருக்கும். டவருக்கு வரி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அளந்து, சரியாக மதிப்பிட்டு, உரியவரிடம் வாங்கு என்றுதான் சொன்னேன்.

மார்ச் கடைசியில் ஆணை வந்தது. இரண்டாம் தளம் நீக்கம், ₹38,205 ரத்து, பழைய கட்டமே தொடரும், டவருக்குத் தனி வரிவிதிப்பு. ₹10,000ஐப் பணமாகத் தரமுடியாது, வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வருஷத்துக்கு 6 சதவீத உயர்வும் வந்துவிட்டதால் நாலு அரையாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சம்மதித்தேன். திரும்பாமல் போனது டீக்கடைக்காரரிடம் ₹3,500, வக்கீலுக்கு ₹2,000, ஆட்டோ, பஸ், ஜெராக்ஸ், தபால் என்று சுமார் ₹2,700. மொத்தம் ₹8,200. அலுவலகப் படியேறியது பதினேழு தடவை. நோட்டில் தேதியோடு இருக்கிறது.

ஆணை கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். தாளில் ரத்தானது கம்ப்யூட்டரில் ரத்தாகியிருக்காது. ஏப்ரலில் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பழைய நிலுவை அப்படியே நின்றது. ஆணை நகலோடு மறுபடி போய், முதல் நாள் பார்த்த அதே பிள்ளையிடம் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு அரையாண்டாக நீக்கும்வரை எழுந்திருக்கவில்லை. முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நிலுவை இருந்த இடத்தில் சைபர். மேலே என் பேர்.

ஜூலையில் இன்னொரு ₹10 வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதி, என் மாடி டவருக்குத் தனி எண் கொடுத்தாயிற்றா, யார் பேரில், எத்தனை சதுரஅடி என்று கேட்டேன். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. எண் கொடுத்தாயிற்று, கம்பெனி பேரில், 248 சதுரஅடி. ஊரிலுள்ள மற்ற டவர்களும் இதுபோல் தனியாக்கப்பட்டுள்ளனவா என்ற கேள்விக்கு மட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒன்றுக்கு முதல் மேல்முறையீடு எழுதி, நேற்று சாயங்காலம் பதிவுத் தபாலில் போட்டேன்.